கொம்பு முறித்தல்: மட்டக்களப்பின் தொன்மக்கதை விளையாட்டு – ஒரு மீள்நோக்கு

விளையாட்டைப் பொழுதுபோக்கு என்னும் ஒரே சொல்லுள் அடக்கிவிடுவது இக்கால வழக்கு. பண்டைத் தமிழர் அவ்வாறு கொள்ளவில்லை. தொல்காப்பியர் உவகைச் சுவை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தெண்ணினார். வழிபாடும் ஆடலும் விளையாட்டும் தம்முட் கலந்து நின்ற ஒரு காலத்தின் எச்சங்கள் ஈழத்தின் கிழக்குக் கரையில் நெடுங்காலம் அழியாதிருந்தன. அவற்றுட் தலையாயது கொம்பு முறித்தல் அல்லது கொம்பு விளையாட்டு என வழங்குவது. கண்ணகி கோவலன் என்னும் இருவர் பக்கத்தையும் ஊரவரே ஏற்று, இரு கட்சியாகப் பிரிந்து, வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கோத்து இழுத்து முறிக்கும் இவ்விளையாட்டு, தொன்மக்கதையொன்றை மக்கள் தம் உடலால் நடித்துக் காட்டும் அரிய வகையைச் சார்ந்தது. அதன் அமைப்பையும் பொருளையும் விளக்கி, இன்று அதனை மீட்க முனைவோர் எதிர்நோக்கும் வினாக்களை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் காலமும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பாங்கான நிலம் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை எனவும் பெயர்பெறும். ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட இம்மக்கள், தம் ஆண்டு வாழ்வையும் மழையையும் வெயிலையும் கொண்டே வகுத்திருந்தனர். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி முதல் தை வரை பொழியும். அதனை நம்பி விதைத்த நெல் மாசி, பங்குனியில் அறுவடையாகும். அதன்பின் வருவது வெயில் முறுகும் காலம். குளங்கள் வற்றும், கிணறுகள் கீழிறங்கும், முற்காலத்தில் அம்மையும் கொப்புளிப்பானும் ஊர்களுட் புகும் காலமும் இதுவே.

கண்ணகை அம்மன் கோயில்களின் சடங்குகள் இந்த வெப்பக் காலத்திலேயே, வைகாசித் திங்களில் நிகழ்கின்றன. காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, செட்டிபாளையம், மகிழடித்தீவு, புதுக்குடியிருப்பு முதலிய ஊர்களிலுள்ள இக்கோயில்கள் பிற கோயில்களைப் போல நாள்தோறும் பூசை நடைபெறும் இயல்பின அல்ல. ஆண்டுக்கொருமுறை திருக்கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, கண்ணகி வழக்குரையைப் படித்து, திருக்குளிர்த்தியோடு நிறைவு செய்வது மரபு. பூசகர் கப்புகனார் எனப்படுவர். கோயிலுள் நிகழும் இச்சடங்குகளோடு தொடர்புடையதாய், ஆயின் கோயிலுக்குப் புறத்தே வெளியில் ஊர் முழுவதும் கூடி நிகழ்த்துவதாய் அமைந்ததே கொம்பு முறித்தல். மழை பொய்த்த காலத்தும் கொள்ளைநோய் பரவிய காலத்தும் அம்மனின் சினந் தணியும் பொருட்டு இதனை ஆடினர்.

நூலும் கதையும்

இவ்விளையாட்டின் வேர்களைத் தேடுவோர் சிலப்பதிகாரத்துக்குச் செல்லுதல் இயல்பு. ஆயினும் மட்டக்களப்பார் அறிந்த கண்ணகி இளங்கோவடிகள் காட்டும் கண்ணகி மட்டும் அல்லள். வித்துவான் வீ. சீ. கந்தையா அவர்கள் 1968இல் பதிப்பித்து வெளியிட்ட கண்ணகி வழக்குரை, காப்பியத்திற் காணாத பல செய்திகளைக் கூறுகின்றது. அங்கே கண்ணகி பாண்டியனின் சோலையில் மாங்கனியிற் பிறந்தவள். அவளுடைய சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பல் கடலோடுகின்றது. இறுதியில் மதுரையை எரித்த தெய்வத்தின் வெம்மையைத் தணிக்கும் குளிர்ச்சிக் காதை வருகின்றது. காப்பியம் கண்ணகியை விண்ணுக்கு அனுப்பி வைக்க, ஊர்மக்களின் நூலோ அவளைக் குளிரச் செய்து தம்மிடையே இருத்திக்கொள்கின்றது. இவ்வேறுபாடு சிறிதன்று. விண்ணேறிய தெய்வத்தைப் போற்றினாற் போதும். ஊரில் இருக்கும் தெய்வத்தை ஆண்டுதோறும் குளிர்விக்க வேண்டும்.

எனினும் வெப்பம், நோய், மழை ஆகிய மூன்றையும் கண்ணகியோடு இணைக்கும் சிந்தனை பிற்காலத்தார் புனைந்ததன்று. சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் அமைந்த உரைபெறு கட்டுரை, பாண்டிநாட்டில் மழையின்றி நோய் பரவியதையும், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு விழாச் செய்தபின் அவை நீங்கியதையும் சொல்கின்றது. இலங்கை வேந்தன் கயவாகு ஆடித் திங்களில் விழா எடுக்க நாடு வளம்பெற்ற செய்தியும் அங்கேயே உண்டு. ஆடிக்கும் வைகாசிக்கும் இடையே திங்கள் வேறுபடினும் கருத்து ஒன்றே.

கொம்பு முறித்தலின் தோற்றத்துக்கு வழங்கும் கதைகள் இரண்டு. கோவலனும் கண்ணகியும் ஒருநாள் மலர் கொய்யச் சென்றனர். இருவர் கையிலிருந்த கொக்கைத்தடிகளும் மரத்தில் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. விடுவிக்க இருவரும் இழுத்தபோது கோவலனின் தடி முறிந்தது. கண்ணகி மகிழ்ந்தாள் என்பது ஒன்று. மதுரை எரிந்தபின் சினந்தணியாது வந்த கண்ணகியின் முன் இடையர் கொம்புகளைக் கோத்து இழுத்து விளையாட, அதுகண்டு அவள் சினம் ஆறினாள் என்பது மற்றொன்று. முன்னது மணவாழ்வின் தொடக்கத்தைச் சார்ந்தது; பின்னது பெருந்துயரின் முடிவைச் சார்ந்தது. முன்னதில் கண்ணகி ஆடுபவள், பின்னதில் காண்பவள். விளையாட்டு நிகழும் வெளியில் இவ்விரு கதைகளும் ஒன்றாகிவிடுகின்றன என்பதைக் கீழே காண்போம்.

ஆடுமுறை

ஊர் வடசேரி, தென்சேரி என இரு பகுதியாகும். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. இன்ன கட்சி என்பது விரும்பித் தேர்வதன்று. பிறப்பு வழியாக வருவது. ஆகவே ஒரு வீட்டிலேயே கணவன் ஒரு கட்சியாகவும் மனைவி மறு கட்சியாகவும் அமைதல் கூடும். குடிவழியும் சாதியும் ஊரைப் பலவாகப் பிரித்து வைத்திருக்க, இக்கட்சிப் பிரிவு அவற்றோடு ஒத்தும் குறுக்கிட்டும் செல்லும் மற்றுமொரு கோடாக அமைந்தது.

போர்த்தேங்காய் அடித்தல் இதன் முன்னோடி நிகழ்ச்சி. ஒருவர் உருட்டியோ எறிந்தோ விடும் தேங்காயை மற்றவர் தம் தேங்காயால் எதிர்ப்பர், உடைந்தது தோற்றது. அதனைத் தொடர்ந்து சிறுவரின் சிறு கொம்புகளும் பின்னர் பெரியோரின் பெருங் கொம்புகளும் களத்துக்கு வரும். மான்கொம்பு பயன்பட்ட காலமும் உண்டென்பர். பெரும்பாலும் பயன்பட்டவை வைரம் பாய்ந்த காட்டுமரங்களின் முறுகி வளைந்த கவர்கள். ஒன்றன் வளைவுள் மற்றதன் வளைவு பொருந்துமாறு கோத்து, நெகிழாதபடி வரிந்து கட்டி, வடம் பூட்டி இழுப்பர். எக்கொம்பு முறிகின்றதோ அக்கட்சி தோற்றது. வென்றவர் முறியாத கொம்பை அலங்கரித்து ஊர்வலமாகக் கொண்டு செல்வர், தோற்றவரை வசைபாடுவர், தோற்றவர் அதனைப் பொறுத்திருப்பர்.

இங்கே ஆராய்ச்சியாளர் பலரும் விரைந்து கடந்துசெல்லும் ஓர் உண்மையை நின்று நோக்க வேண்டும். கொம்பு முறித்தல் வடமிழுத்தல் அன்று. வடமிழுத்தலில் வலியுடைய பக்கத்தார் வலியற்றவரைத் தம்பால் இழுத்து வெல்வர். கொம்பு முறித்தலிலோ, கோத்த இரு கொம்புகளும் ஒரே இழுவிசையையே தாங்குகின்றன. வடசேரியார் எவ்வளவு வலிந்து இழுப்பினும் அவ்விசை தென்சேரிக் கொம்பைத் தாக்கும் அளவுக்குத் தம் கொம்பையும் தாக்கும். ஆகவே ஆள்வலி வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. மரத்தின் வைரம், வளைவின் தன்மை, உள்ளே மறைந்திருக்கும் வெடிப்பு, கட்டிய கட்டின் நுட்பம் என்பனவே தீர்மானிக்கின்றன. மாந்தர் செய்யத்தக்கதெல்லாம் களத்துக்கு வருமுன்பே முடிந்துவிடுகின்றது: காட்டில் அலைந்து நல்ல கொம்பைத் தேடுதலும் அதனைப் பதமாக்குதலும் காத்தலும். களத்தில் எஞ்சியிருப்பது தீர்ப்புக்காகக் காத்திருத்தல் ஒன்றே.

அதனாலேயே முறிவு அம்மனின் தீர்ப்பாகக் கொள்ளப்பட்டது என நாம் கருதுகின்றோம். எல்லோரும் இழுக்கின்றனர், எவரும் வெல்லச் செய்யவில்லை. பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்துக் காட்டி வழக்கை வென்றவள் கண்ணகி. உடைந்த சிலம்பின் உள்ளிருந்தது வெளிப்பட்டவுடன் உண்மை புலனாயிற்று. முறிந்த கொம்பின் உள்ளிருந்த குறையும் அவ்வாறே வெளிப்படுகின்றது. வழக்குரை படிக்கப்படும் அதே வழிபாட்டு மரபில், ஒரு பொருளை உடைத்துத் தீர்ப்பறியும் விளையாட்டும் இடம்பெறுதல் தற்செயலன்று.

வேடமின்றிப் பாத்திரமேற்றல்

தொன்மக் கதைமாந்தரின் நிலையை ஏற்று ஆடுதல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரமே அதற்கு இரு சிறந்த சான்றுகளைத் தருகின்றது. வேட்டுவ வரியில் எயினர் குலக் குமரி கொற்றவையாக ஒப்பனை செய்யப்படுகின்றாள். ஆய்ச்சியர் குரவையில், தீநிமித்தங்களைக் கண்டு அஞ்சிய மாதரி, கன்னியர் எழுவருக்கு ஏழிசையின் பெயரிட்டு, அவருள் மாயவனையும் அவன் முன்னோனையும் நப்பின்னையையும் வகுத்துக் குரவையாடச் செய்கின்றாள். அங்கே ஆடல் பொழுதுபோக்காக அமையவில்லை. வரும் துன்பத்தை விலக்கவே ஆடுகின்றனர்.

கொம்பு முறித்தல் இவ்வழியில் வந்ததாயினும் ஒரு வகையில் வேறுபட்டது. இங்கே ஒப்பனை இல்லை. ஆடுவோர் வாயாற் கூறும் வசனம் இல்லை. கண்ணகி இவர், கோவலன் இவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. ஒரு சேரி முழுவதும் கண்ணகி. மறு சேரி முழுவதும் கோவலன். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஆடுபவர் சிலர், காண்பவர் பலர். கொம்பு முறித்தலிலோ காண்பவர் என ஒருவரும் தனியே இல்லை. வடத்தைப் பிடிக்காதவரும் ஏதாவதொரு சேரியைச் சார்ந்தவரே. இத்தகைய முழுமையான பங்கேற்பை நாடக அரங்கு ஒருபோதும் பெற்றதில்லை.

கணவன் மனைவிப் பகை ஏன்?

காப்பியத்தில் கண்ணகி கோவலனைச் சினந்ததாக எங்கும் இல்லை. மாதவியிடம் சென்று பொருளனைத்தும் இழந்து மீண்டவனுக்கு அவள் தன் சிலம்பையே தந்தாள். அவளுடைய சினம் முழுவதும் பாண்டியன்மீதும் மதுரைமீதும் பாய்கின்றது. அவ்வாறாயின், விளையாட்டில் அவளுக்கு எதிரணியாகப் பாண்டியன் அன்றோ அமைய வேண்டும்? கோவலனை ஏன் அமைத்தனர்?

இவ்வினாவை அறிஞர் பலர் பல வழியால் அணுகியுள்ளனர். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர பத்தினித் தெய்வ வழிபாடு குறித்து 1984இல் வெளியிட்ட பெருநூலில், மணவாழ்விலும் குடும்ப உறவுகளிலும் அடங்கிக் கிடக்கும் உணர்ச்சிகள் இச்சடங்குகளில் வெளிப்படும் முறையை உளவியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்தார். அவ்வாய்வின் ஆழத்தை மதிக்கும் அதே வேளையில், ஊர் வழக்கை ஒட்டிய எளியதொரு விளக்கத்தையும் நாம் முன்வைக்க விரும்புகின்றோம்.

பாண்டியனோடு கண்ணகிக்கு உள்ள வழக்கு முடிந்துபோன வழக்கு. அரசன் இறந்தான், நகர் எரிந்தது, அதனை மீண்டும் ஆடுவதாயின் நெருப்பையே மீண்டும் அழைத்தல் வேண்டும். வெப்பம் தணியவேண்டிய காலத்தில் அதனை அழைப்பார் இலர். கோவலனோடு உள்ள வழக்கோ காப்பியத்திற் பேசப்படாமலே விடப்பட்ட வழக்கு. காப்பியம் பேசாததை விளையாட்டு பேசுகின்றது; அதுவும் எவரும் இறவாத வகையில், மலர் கொய்யும் மகிழ்ச்சிப் பொழுதில் வைத்துப் பேசுகின்றது. தோற்றவன் முறிந்த கொம்போடு வீடு திரும்புகின்றான், வென்றவள் நகைக்கின்றாள். மேலே கூறிய இரு கதைகளும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன. மணவாழ்வின் தொடக்கத்தில் நிகழ்ந்த சிறு ஊடல், பெருந்துயரின் முடிவில் மருந்தாக நினைவூட்டப்படுகின்றது. ஊடலிற் தோற்றவர் வென்றார் என்பது தமிழர் அறிந்த அறம் அன்றோ?

சிங்கள மக்களின் அங்கெலிய

இவ்விளையாட்டு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சிங்கள மக்கள் இதனை அங்கெலிய என்பர். அங்கும் இரு கட்சிகள் உண்டு: மேற்கட்சியான உடுபில கோவலனாகிய பாலங்கனுக்கும், கீழ்க்கட்சியான யட்டிபில பத்தினித் தெய்வத்துக்கும் உரியன. கண்டி அரசிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட தம் நூலில், நோய் நீங்கும் பொருட்டுப் பத்தினித் தெய்வத்துக்காக ஆடப்படும் ஒரு விளையாட்டை விவரிக்கின்றார். முழங்கைபோல் வளைந்த இரு தடிகளை ஒன்றோடொன்று கோத்து எதிரெதிரே கயிற்றால் இழுத்து முறிப்பதையும் வென்றவர் ஆடிப்பாடுவதையும் அவர் குறிப்பிடுவதால், அது அங்கெலியவே என்பதில் ஐயமில்லை. எனவே மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்விளையாட்டு இன்றைய வடிவோடு வழங்கியமை உறுதிப்படுகின்றது. 1884இல் வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் லெ மெசூரியர் அங்கெலிய பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

இருமொழி பேசுவோரும் ஒரே தெய்வத்துக்காக, ஒரே கதையைக் கொண்டு, ஒரே முறையில் ஆடிய விளையாட்டு இது. எம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவோர்க்கு இச்செய்தி வெறும் ஒப்பீட்டுக் குறிப்பாகத் தோன்றாது.

திரையில் ஆடும் தொன்மம்

இக்கால இளைஞர் தொன்மக்கதைகளை விட்டுவிட்டனர் என்பார் கூற்று முழுதும் பொருந்தாது. பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளில் அவர்கள் கிரேக்கரின் தெய்வங்களோடும் அரக்கரோடும் நாள்தோறும் பொருதுகின்றனர். 2006இல் அமெரிக்காவில் வெளியான டைட்டன் குவெஸ்ட் என்னும் விளையாட்டு, ஆடுபவரைக் கிரேக்கம், எகிப்து, பபிலோன், சீனம் ஆகிய தொல்நாடுகளினூடாக அழைத்துச் செல்வது. அது மறக்கப்படாமையால் பத்தாண்டு கழிந்து 2016இல் புதுக்கி வெளியிடப்பட்டது. மீண்டும் விரும்பி ஆடப்பட்டது. பழைய விளையாட்டை மீட்டெடுத்து ஆடும் விருப்பம் உலகெங்கும் உள்ளதென்பதற்கு இது சான்று.

இரண்டையும் ஒப்புநோக்கின் ஒற்றுமையும் வேற்றுமையும் தெளிவாகும். இரண்டிலும் ஆடுபவர் தொன்மக்கதையின் உள்ளே புகுகின்றார். கேட்பதோடு அமையாது செயல் புரிகின்றார். ஆயின் திரையில் ஆடுபவர் தம் பாத்திரத்தைத் தாமே தேர்கின்றார். தோற்றால் மீண்டும் தொடங்குகின்றார். அத்தோல்வியை அயலார் அறியார். கொம்பு முறித்தலில் பாத்திரம் பிறப்போடு வருகின்றது. முறிந்த கொம்பு மீண்டும் கூடாது. தோல்வியை ஊரே அறியும். மேலும், திரையில் வெற்றி ஒருவருக்கே பயன்தருவது. களத்தில் எவர் வென்றாலும் பெய்யும் மழை இருசேரி வயலுக்கும் பொது.

மீட்பும் அதன் இடர்களும்

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி, 1983 தொடங்கி 2009 வரை நீடித்த போர், 2004 திசெம்பரில் எழுவான்கரையை விழுங்கிய ஆழிப்பேரலை என்பன ஊர்களைக் கலைத்தன, மக்களை இடம்பெயர்த்தன. ஊர் முழுவதும் கூடாமல் ஆட முடியாத விளையாட்டு, ஊர் கலைந்தபோது தானும் நின்றமை வியப்பன்று. இதற்கு முன்னரே அதன் பயன்பாட்டுக் காரணம் ஒன்று மறைந்திருந்தது. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே இன்று இதனை மீட்க முனைவோர், நோய் நீக்கத்துக்கு அப்பாலும் இதற்கு ஒரு பொருள் உண்டா என வினவுதல் வேண்டும்.

கூத்தின் வரலாறு இங்கே வழிகாட்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனையில் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1965), வாலிவதை (1968) ஆகியவற்றை மேடையேற்றி, விடியவிடியக் களரியில் ஆடிய கூத்தை நகரத்து அரங்குக்குக் கொணர்ந்தார். கற்றோரிடையே கூத்துக்கு மதிப்புப் பிறந்தது. அதே வேளையில் வட்டக்களரியும் ஊரவர் பங்கேற்பும் சுருங்கின என்னும் குறையும் பின்னாளில் எடுத்துரைக்கப்பட்டது. கூத்து அரங்குக்கு வந்தும் உயிர்வாழ வல்லது. அதற்கு ஏட்டுப்பிரதியும் அண்ணாவியாரும் உண்டு. கொம்பு முறித்தலை அவ்வாறு அரங்கேற்றின் எஞ்சுவது யாது? எக்கட்சி வெல்லும் என முன்னரே வகுத்துவிட்டால் தீர்ப்பு மறைகின்றது. வகுக்காது விட்டால் மேடைக்குரிய கால எல்லையுள் அது அடங்காது.

வசைப்பாடல் பற்றிய சிக்கலும் உண்டு. இடக்கர்ச் சொற்கள் மலிந்த அப்பாடல்களை நாகரிகம் கருதி நீக்கவேண்டுமென்போர் உளர். நீக்கினால் ஆண்டில் ஒருநாள் வெளிப்பட்டு அடங்கும் மனவெப்பத்துக்கு வாயில் ஏது என வினவுவோரும் உளர். கட்சிப் பகை கைகலப்பாக மாறிய அனுபவமும் ஊர்களுக்கு உண்டு. இவற்றை மறைத்துப் பழமையைப் போற்றுதல் ஆராய்ச்சி ஆகாது.

போருக்குப் பின் வந்த ஆண்டுகளில் சில ஊர்களில் கொம்பு முறித்தல் மீண்டும் ஆடப்பட்டமை மகிழ்ச்சிக்குரியது. இத்தருணத்தில் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் செய்யத்தக்க பணிகள் சிலவற்றைக் கூறி அமைவோம். எந்த மரம், எந்த வளைவு, எந்தக் கட்டு என அறிந்த முதியோரின் தொழிலறிவைப் பதிவு செய்தல் முதற்பணி. அவர்கள் இன்று சிலரே. ஊர்தோறும் வழங்கும் கதை வேறுபாடுகளையும், வசைப்பாடல் உட்பட அனைத்துப் பாடல்களையும் விடாது தொகுத்தல் இரண்டாம் பணி. தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவித்திரட்டை வெளியிட்டிராவிடின் அப்பாடல்களுட் பல நமக்குக் கிட்டியிரா என்பதை நினைத்தல் தகும். அங்கெலிய ஆடும் சிங்கள ஊர்களுக்குச் சென்று இரு மரபையும் ஒருங்கு வைத்து நோக்குதல் மூன்றாம் பணி. இவற்றைச் செய்தபின், ஆடுவதா, எவ்வாறு ஆடுவது என்னும் முடிவை ஊரவரிடமே விட்டுவிடுதல் முறை. கொம்பைத் தேடவேண்டியவரும் வடத்தைப் பிடிக்கவேண்டியவரும் தோல்வியைத் தாங்கவேண்டியவரும் அவரே ஆதலின்.